மலைநாட்டுப் பாமசியில் புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு: ரத்தக் குளிசையும் ரத்தம் நிற்காத நோயும்

சம்பளம் போட்ட ஞாயிறு. குடைகள் இடிக்காமல் டவுனில் நடக்க முடியாது. நனைந்த தொப்பியோடு ஒரு பெரியவர் கவுண்டர் ஓரமாக வந்து நின்றார். "தம்பி, முட்டி வலிக்கு நல்லதா ஒரு காட் குடுங்க" என்றார். பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். டைக்குளோஃபெனக் என்ற வலிக்குளிசையில் ஒரு காட்டை (அட்டையை) எடுத்துக் கொடுத்தேன், காசை வாங்கினேன், அடுத்த ஆளைப் பார்த்தேன். ஒன்பது நாள் கழித்து அவருடைய மகள் வந்து சொன்னார்: அப்பா வார்ட்டில். வெளிக்குப் போனது தார் மாதிரிக் கறுப்பாக இருந்திருக்கிறது, தலைசுற்றி லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் விழுந்திருக்கிறார். இருதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறைவதைத் தடுக்கும் 'ரத்தக் குளிசை'யான வார்ஃபரினை எட்டு வருடமாகக் குடிக்கிறவர்.

டொக்டரின் துண்டு (மருந்துச் சீட்டு) இல்லாமல் கொடுத்தது என் முதல் தப்பு. கேட்காமல் கொடுத்தது இரண்டாவது. அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் கணக்கில் வார்ஃபரின் 'நெஞ்சுக் குளிசை'. முட்டிக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. சம்பந்தம் தெரிந்திருக்க வேண்டியவன் நான். அவர் பிழைத்து வந்தார், இப்போதும் என்னிடம்தான் மருந்து எடுக்கிறார். அந்த ஞாயிறை வைத்துத்தான் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வேலை பழக்குகிறேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இரண்டு நிமிடப் பாடம்

காயம் பட்டால் ரத்தம் இரண்டு விதமாக நிற்கிறது. பிளேட்லெட் என்ற சின்னத் துணுக்குகள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கின்றன. அதன்மேல் உறைதல் காரணிகள் என்னும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, நூல் வலை பின்னி இறுக்குகின்றன. அஸ்பிரினும் குளோபிடொகிரெலும் முதல் வேலையைத் தடுக்கின்றன. வார்ஃபரின் இரண்டாவதைத் தடுக்கிறது: II, VII, IX, X ஆகிய காரணிகளைச் செய்யக் கல்லீரலுக்கு விற்றமின் கே வேண்டும், வார்ஃபரின் அந்த விற்றமினை வேலை செய்ய விடாது. ரத்தம் நிற்காத நோயான ஹீமோஃபிலியா உள்ள பிள்ளைக்கு VIII அல்லது IX பிறவியிலேயே குறைவு.

இந்த மூன்று பேரும் கவுண்டருக்கு வரும்போது மற்றவர்கள் மாதிரியே இருப்பார்கள். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அடுத்த விஷயம்.

மருந்தின் பெயரைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்

"வார்ஃபரின் குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "ரத்தம் மெலிசாக்கும் மருந்து?" என்றாலும் பாதிப் பேர் முழிப்பார்கள். நான் பல வருடம் தடவிப் பார்த்துப் பிடித்த கேள்வி இது: "அம்மா, கிளினிக்ல ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏதாவது குளிசையைக் கூட்டிக் குறைப்பாங்களா?" ஊசி குத்தியது யாருக்கும் மறக்காது. விடியற்காலை பஸ் ஏறி, கண்டிக்கோ பதுளைக்கோ நுவரெலியாவுக்கோ போய், வரிசையில் காத்திருந்து, ஒருநாள் பேர் (தோட்டத்து நாள் சம்பளம்) போய், அதன்பிறகு "இன்றிலிருந்து ஒன்றரை" என்று கொப்பியில் எழுதி வாங்கியவர் உடனே தலையை ஆட்டுவார்.

சீனி வருத்தத்துக்கும் ரத்தம் எடுப்பார்கள். ஆகவே "ஆமாம்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல் கிளினிக் கொப்பியைக் கேளுங்கள். கொப்பி லயத்தில் இருந்தால் குளிசைக் காட்டைக் கேளுங்கள். அதுவும் இல்லாவிட்டால் வீட்டுக்குப் போன் போட்டுப் பேரப்பிள்ளையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்று எல்லா லயத்திலும் ஒரு போன் இருக்கிறது.

இதோடு இன்னும் இரண்டு கேள்விகள். நெஞ்சில் ஒப்பரேஷன் செய்தார்களா, அல்லது 'ஸ்டென்ட்' (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பிக் குழாய்) வைத்தார்களா? பல்லுப் பிடுங்கியபோது ரத்தம் நிற்க ரொம்ப நேரமானதா? வலிக்குளிசை, அன்டிபயோட்டிக், பூஞ்சை மருந்து ஆகிய மூன்றில் எதைக் கொடுப்பதானாலும் இந்த மூன்று கேள்விகளும் முன்னால் வரவேண்டும். கூட்டம் நிற்கிறதே என்றால் நிற்கட்டும்.

துண்டை வாசிப்பது: மில்லிகிராமும் குளிசையும்

வார்ஃபரினில் நடக்கும் பெரும்பாலான பிழைகள் மருத்துவப் பிழைகள் இல்லை, எண்ணிக்கைப் பிழைகள். டொக்டர் மில்லிகிராமில் எழுதுகிறார். நோயாளி குளிசையில் நினைவு வைக்கிறார். நடுவில் நிற்பது நீங்கள்.

ஒரு உதாரணம். ஒருவருக்கு 3 மில்லிகிராம். போன மாதம் 1 மில்லிகிராம் குளிசை கொடுத்தார்கள், "ராத்திரிக்கு மூன்று" என்று மனதில் பதிந்துவிட்டது. இந்த மாதம் 1 மில்லிகிராம் இல்லை, 3 மில்லிகிராம் குளிசை கொடுக்கிறீர்கள். அவர் வீட்டுக்குப் போய் வழக்கம்போல மூன்று போடுவார். அது 9 மில்லிகிராம். ஒரு வாரம் போனால் பல் தேய்க்கும்போது வாய் நிறைய ரத்தம்.

அதனால் அளவு மாறாவிட்டாலும் குளிசை மாறினால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் செய்வது இதுதான். குளிசை எண்ணும் தட்டில் ஒரு இரவுக்கான குளிசைகளை மட்டும் வைப்பேன். "இதுதான் இன்று ராத்திரிக்கு. காட்டுங்க பார்ப்போம்" என்பேன். அவர் விரலால் தொட்டு எண்ணிக் காட்ட வேண்டும். தலையாட்டினால் எனக்குப் போதாது. 4.5 மில்லிகிராம் என்றால் தட்டில் 3 மில்லிகிராம் ஒன்று, 1 மில்லிகிராம் ஒன்று, 1 மில்லிகிராமில் பாதி ஒன்று. அந்தப் பாதியை அவர் கண் முன்னாலேயே வெட்டிக் காட்டுங்கள். வீட்டில் அரிவாள்மனையில் வெட்டி, பெரிய துண்டு ஒருநாளும் சின்னத் துண்டு மறுநாளும் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் அளவு மாறினால் "ஒருநாள் விட்டு ஒருநாள்" என்று சொல்லாதீர்கள். இரண்டாவது வாரமே எந்த நாள் எது என்று குழம்பிவிடும். கிழமையைச் சொல்லுங்கள்: திங்கள், புதன், வெள்ளி இது, மற்ற நாலு நாளும் அது. வாரத்தில் ஏழு நாள் என்பதால் கணக்கு ஒரு நாள் பிசகும், எனவே டொக்டர் அப்படி எழுதாதபோது நீங்களாக மாற்றாமல், கிளினிக்கில் கேட்டுக்கொண்டு கொப்பியில் குறியுங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பிரித்தானிய வழக்கப்படி 1 மில்லிகிராம் மண்ணிறம், 3 நீலம், 5 ரோஸ். அமெரிக்க வழக்கில் ரோஸ் நிறம் 1 மில்லிகிராம். மற்ற நாட்டுக் கம்பெனிகள் என்ன நிறத்தில் செய்யும் என்று யார் கண்டது? "ரோஸ் கலர் ஒன்று குடிங்க" என்று வாயால் சொன்னவர் ஒருவரை ஐந்து மடங்குக்கு அனுப்பிவிடலாம். காட்டில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, அதையே உறையிலும் எழுதுங்கள்.

எழுதும்போது 1 என்று எழுதுங்கள், 1.0 என்று வேண்டாம். புள்ளி மங்கினால் பத்தாகிவிடும். அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னால் பூச்சியம் போட்டு எழுதுங்கள், வெறும் .5 என்பது 5 ஆகிவிடும். உறையில் தமிழில் எழுதுங்கள். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவுக்கு ஆங்கிலச் சுருக்கெழுத்து எதற்கு? எழுத்து வாசிக்காதவருக்கு நிலா ஒன்று வரைந்து, பக்கத்தில் குளிசையை வட்டமாக வரைந்துவிடுங்கள். பாதிக்குப் பாதி வட்டம்.

வார்ஃபரினைப் பொழுதுபட்ட பிறகு குடிக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. காலையில் ரத்தம் எடுத்து, பிற்பகலில் முடிவு வந்து, அளவு மாறினால் அன்றிரவே மாற்றிக்கொள்ளலாம். மறந்துவிட்டால்? அன்று நள்ளிரவுக்குள் ஞாபகம் வந்தால் குடிக்கலாம். விடிந்துவிட்டால் விட்டது விட்டதுதான், இரட்டிப்பாகக் குடிக்கக் கூடாது. தவறிய நாளைக் கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள், டொக்டர் கேட்பார்.

ஐ.என்.ஆர். எண்

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் எண் இது. மருந்து குடிக்காத ஆளுக்கு ஏறத்தாழ 1. வார்ஃபரின் குடிக்கும் பெரும்பாலானவர்களுக்கு 2க்கும் 3க்கும் இடையில் வைக்கிறார்கள். இருதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை. குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கும், மூளைக்குப் போகும். கூடினால் ரத்தம் கசியும்.

கொப்பியில் மூன்றைப் பாருங்கள்: இலக்கு எவ்வளவு, கடைசி எண் எவ்வளவு, கடைசித் தேதி என்ன. எனக்கு எண்ணைவிடத் தேதிதான் முக்கியம். மூன்று மாதமாக ரத்தம் பார்க்காதவருக்குச் சும்மா குளிசையை எண்ணிக் கொடுத்து அனுப்பாதீர்கள். பாதை மண்சரிந்து கிடந்ததோ, பஸ்ஸுக்குக் காசில்லையோ, ஏதோ காரணம் இருக்கும். கேட்டால் சொல்வார்கள். அதே நேரம் "கிளினிக் போனால்தான் தருவேன்" என்று வெறுங்கையோடும் அனுப்ப வேண்டாம், வால்வுக்காரருக்கு மருந்து நின்றால் அது வேறு ஆபத்து. கிளினிக்குக்கோ அவருடைய டொக்டருக்கோ போன் போட்டு, அவர்கள் சொன்னபடி சில நாளுக்குக் கொடுத்து, போகும் தேதியையும் குறித்து அனுப்புங்கள்.

அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் வேலையில்லை. ஆனால் ஏன் உடனே பலன் தெரியவில்லை என்று கேட்பவருக்கு விளக்கத் தெரிய வேண்டும். இன்று குடித்த குளிசை இன்று ரத்தத்தில் இருக்கும் காரணிகளை அழிப்பதில்லை, புதிதாகச் செய்வதைத்தான் தடுக்கிறது. பழையது தீர வேண்டும். காரணி VII சுமார் 6 மணித்தியாலத்தில் பாதியாகும். காரணி II பாதியாக 60 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அதனால் இன்று செய்த மாற்றத்தின் முழுப் பலன் தெரிய நாலைந்து நாள் போகும். இன்று செய்த பிழையும் அப்படியே. நான் கொடுத்த டைக்குளோஃபெனக் ஒன்பதாம் நாள்தான் செய்தியாக வந்தது.

எதைக் கொடுக்கக் கூடாது, எதைக் கேட்டுக் கொடுக்க வேண்டும்

டைக்குளோஃபெனக், ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அசிட், நப்ரொக்சென், டிஸ்பிரின் (இதுவும் அஸ்பிரின்தான்). வார்ஃபரின்காரர் கேட்டால் இவற்றைக் கொடுக்க வேண்டாம். இவை இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்கும், பிளேட்லெட்டையும் மந்தமாக்கும். ஐ.என்.ஆர். எண் ஒழுங்காக இருந்தாலும் ரத்தம் கசியும். இதுதான் பலருக்குப் பிடிபடாத விஷயம்: எண் சரியாக இருக்கிறது, ஆனால் ஆள் ஆபத்தில் இருக்கிறார்.

வலிக்கு பரசிட்டமோல்தான். அதிலும் ஒன்று: இரண்டொரு நாளைக்குப் பிரச்சினை இல்லை. முட்டிவலிக்காரர் ஒரு நாளைக்கு ஆறு, எட்டு என்று வாரக்கணக்கில் குடித்தால் ஐ.என்.ஆர். ஏறலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். பூசும் எண்ணெயும் கணக்கில் சேர்த்தி. மெத்தில் சலிசிலேட் கலந்த வலி எண்ணெயைத் தினமும் முட்டி முழுக்கத் தேய்த்தால் அது தோலுக்குள் போகும். அஸ்பிரினின் சொந்தக்காரன் அது.

அன்டிபயோட்டிக்கில் எனக்கு அதிகப் பயம் மெட்ரோனிடசோலும் கோ-ட்ரைமொக்சசோலும்தான். வயிற்றால் போகிறது, பல்லு வீங்கியிருக்கிறது என்று வந்து முதலில் கேட்பது மெட்ரோனிடசோலைத்தான். இரண்டும் வார்ஃபரினைக் கல்லீரல் சிதைப்பதைத் தடுத்து, ஐ.என்.ஆரைச் சில நாளிலேயே ஏற்றிவிடும். எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்சசினும் அப்படித்தான். ஃபுளுகொனசோல் ஒற்றைக் குளிசை என்று அசட்டையாக இருக்க வேண்டாம். வாய்ப்புண்ணுக்குப் பூசும் மைக்கொனசோல் ஜெல்லும் உள்ளே போய் அதே வேலையைச் செய்யும், புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். டொக்டரே இவற்றை எழுதியிருந்தாலும், அவருக்கு வார்ஃபரின் விஷயம் தெரியுமா என்று ஒரு போன். தெரிந்தே எழுதியிருந்தால் "மூன்று, நாலு நாளில் ரத்தம் பாருங்கள்" என்பார். அதை உறையில் எழுதுங்கள்.

எதிர்ப்பக்கம் இழுப்பவையும் உண்டு. வலிப்புக்குக் குடிக்கும் கார்பமசெபின் ஐ.என்.ஆரைக் குறைக்கும். காசநோய்க்குக் குடிக்கும் ரிஃபம்பிசின் இன்னும் பலமாகக் குறைக்கும், வார்ஃபரின் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டி வரலாம். காசநோய் மருந்து முடிந்த பிறகுதான் ஆபத்தே. ரிஃபம்பிசின் நின்று சில வாரங்களில், கூட்டிய அளவு அப்படியே இருக்க, ஐ.என்.ஆர். சரசரவென்று ஏறும். "டி.பி. மருந்து முடிஞ்சிருச்சு தம்பி" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால் நீங்களும் சந்தோஷப்படுங்கள், அப்புறம் அடுத்த கிளினிக் எப்போது என்று கேளுங்கள்.

இரட்டிப்பையும் கவனிக்க வேண்டும். வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தை இரண்டு இடத்தில் வாங்கிக் குடிப்பவர்கள் ஏராளம். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில் எழுத வேண்டும் என்று நின்றார். அந்தக் கொள்கைக்குப் பின்னால் பணக் கணக்கு இருந்தது. கவுண்டரில் நின்று பார்த்தால் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது. உறையில் எப்போதும் பொதுப் பெயரை எழுதுங்கள்.

கீரை, தேத்தண்ணி, விரதம், சாராயம்

"கீரையே சாப்பிடக் கூடாதாமே?" என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லிப் பயமுறுத்தியவர் யாரோ. வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முருங்கைக்கீரை, கோவா எல்லாவற்றிலும் விற்றமின் கே உண்டு. தோட்டத்தில் ரொட்டிக்கும் சோற்றுக்கும் பக்கத்தில் அதுவும் இல்லையென்றால் என்ன சாப்பிடுவார்கள்? சாப்பிடலாம். வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிளினிக் டொக்டர் அந்தச் சாப்பாட்டை வைத்துத்தான் அளவைச் சரிக்கட்டுகிறார்.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். சிலர் ஒருவேளைச் சாப்பாட்டில் நிற்பார்கள், சிலர் இறைச்சி மீனை விட்டுக் கீரைக்குப் போவார்கள். முதல் ஆளுக்கு ஐ.என்.ஆர். ஏறலாம், இரண்டாவது ஆளுக்கு இறங்கலாம். விரதத்தை விடச் சொல்ல நாம் யார்? மாலை போடுவதற்கு முன் கிளினிக்கில் சொல்லச் சொல்லுங்கள், நடுவில் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தேத்தண்ணியைப் பற்றிக் கவலை வேண்டாம். இலையில் விற்றமின் கே இருந்தாலும் சாயத்தில் இறங்குவது மிகக் கொஞ்சம். சம்பள நாளில் சாராயத்தை முட்ட முட்டக் குடிப்பது ஐ.என்.ஆரை ஏற்றும், விழுந்து தலையிலும் அடிபடும். இதைப் பெண்சாதி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள், உண்மை வரும்.

இன்னொன்றும் கேட்பார்கள், முக்கியமாகப் போன் பார்க்கும் பேரன்மார்: "இது எலி மருந்தாமே?" பொய் சொல்லாதீர்கள். வட அமெரிக்காவில் 1920களில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர்த் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளை விஸ்கொன்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுகூடம் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவும் 1954இல் மனிதருக்கு மருந்தாகவும் வந்தது. எலிக்கு அளவில்லாமல் வைக்கிறார்கள், உங்கள் தாத்தாவுக்கு ரத்தம் பார்த்து அளந்து கொடுக்கிறார்கள். இப்படிச் சொன்னால் பையன்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்த எலிப் பிஸ்கட்டைச் சின்னப் பிள்ளை தின்றுவிட்டதாக யாராவது ஓடி வந்தால், "பிள்ளை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். இப்போது வருபவற்றில் பல, புரோடிஃபகூம் போன்ற நெடுநாள் வகை. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் காட்டும், வாரக்கணக்கில் நிற்கும். பெட்டியையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.

புதிய குளிசைகள், பழைய அஸ்பிரின்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய குளிசைகளான ரிவரொக்சபான், அபிக்சபான், டபிகட்ரான் ஆகியவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை. கிளினிக்கில் ரத்தம் எடுப்பது பற்றிய என் கேள்வி இவற்றைக் குடிப்பவர்களைப் பிடிக்காது என்பது நினைவில் இருக்கட்டும். இவர்களிடம் காட்டைத்தான் பார்க்க வேண்டும். ரிவரொக்சபான் 15, 20 மில்லிகிராம் சாப்பாட்டோடுதான். டபிகட்ரான் கப்சூலை உடைத்துக் கொட்டக் கூடாது, வந்த பெட்டியிலேயே வைக்க வேண்டும், நம் மலை ஈரத்தில் முக்கியமாக. உலோக வால்வுக்காரருக்கு இவை எதுவும் ஆகாது. டபிகட்ரானை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால், இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2013இல் வெளியானது. "அதில் ரத்தமே எடுக்கத் தேவையில்லையாம், அதைத் தாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரரின் காட்டைக் கொண்டுவருபவருக்கு இதைச் சொல்லுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு அஸ்பிரினும் குளோபிடொகிரெலும் சேர்த்து எழுதுவார்கள். பல்லுப் பிடுங்க வேண்டும் என்று அவர்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். ஒமிப்ரசோல் குளோபிடொகிரெலின் வேலையைக் குறைக்கும், வாயுவுக்குக் கேட்டால் டொக்டரிடம் மாற்றைக் கேளுங்கள்.

ரத்தம் நிற்காத பிள்ளை

ஹீமோஃபிலியா ஏ ஏறத்தாழ 5,000 ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு வருகிறது. பி வகை இன்னும் அரிது. தாய் வழியாக வருவதால் நம் குடும்ப வழக்கத்திலேயே கேட்கலாம்: "தாய்மாமனுக்கு இப்படி இருந்துச்சா? பெரியம்மா, சித்தி மகன் யாருக்காவது?" "இல்லை" என்றால் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பத்தில் அது புதிதாகத் தோன்றுவது. காது குத்தியபோது, தடுப்பூசி போட்டபோது, பால்பல் விழுந்தபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். தவழும் வயதில் முட்டி வீங்கி, சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவியிருப்பார்கள். நீவினால் மூட்டுக்குள் ரத்தம் இன்னும் கூடும்.

தெரிந்த பிள்ளை என்றால் அஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்குளோஃபெனக் எதுவும் கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பரசிட்டமோல். சதையில் போடும் ஊசி வேண்டாம். "ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் யாராவது சொன்னாலும் தாய் மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். தலையில் அடிபட்டால் வீக்கம் வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் முதலில் குறைவான காரணியை ஏற்றுவார்கள், அப்புறம்தான் ஸ்கேன். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டு, "ஹீமோஃபிலியா பிள்ளை" என்று முதல் வசனத்திலேயே சொல்லச் சொல்லுங்கள்.

பெண்களை மறந்துவிடுகிறோம். பரம்பரையாக வரும் ரத்தக்கசிவு நோய்களில் அதிகம் காணப்படுவது வொன் வில்பிராண்ட் நோய், அது பெண்ணுக்கும் வரும். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் போகிறது, மணிக்கொரு பேட் மாற்ற வேண்டியிருக்கிறது, அந்த நாட்களில் மலைக்குப் போக முடியாமல் பேர் இழக்கிறார். இப்படி ஒரு அக்கா வருடக்கணக்கில் இரும்புக் குளிசை மட்டும் வாங்கிப் போகிறார் என்றால் யாராவது ஒருமுறை கேட்க வேண்டாமா? "சின்ன வயசுல மூக்கால ரத்தம் வருமா? பிள்ளை பெத்தப்ப ரத்தம் ரொம்பப் போச்சா?" ஆம் என்றால் ஒரு கடிதம் எழுதி டொக்டரிடம் அனுப்புங்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சமிக் அசிட் நல்ல மருந்துதான், ஆனால் காலிலோ நெஞ்சிலோ முன்பு ரத்தக்கட்டி வந்தவருக்கு ஆகாது. துண்டு இருந்தாலும் அதைக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

காய்ச்சல் காலம், பாம்பு, ஒற்றைக்கால் வீக்கம்

டெங்கு கண்டிப் பக்கம் வழக்கமாகவே உண்டு. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேல் பதிவானது. டெங்குவில் பிளேட்லெட் இறங்கும். எந்தக் காய்ச்சலுக்கும் பரசிட்டமோல் தவிர வேறு கொடுப்பதில்லை என்று கடைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். "அதில் காய்ச்சல் விடவில்லை, பலமானதாகத் தாங்க" என்று வற்புறுத்துவார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

கொழுந்து மலையில் கையிலோ காலிலோ கடிக்கும் சின்ன விரியன், சிங்களத்தில் குனகட்டுவா என்பது, சிலருக்கு ரத்தம் உறைவதைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இங்கே பாவிக்கும் இந்திய விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது, ஆகவே ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பதுதான் வைத்தியம். "சின்னப் பாம்புதான், வலிக்கு ஒன்று தாங்க" என்று வருபவருக்கு வலிக்குளிசை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் இரண்டு தப்பு ஒன்றாக நடக்கிறது.

அடுத்தது எதிர்ப்பக்கம். குழந்தை பெற்று மூன்று வாரமான ஒரு தங்கச்சிக்காக மாமியார் வலிக்குத் தேய்க்கும் பாம் (தைலம்) வாங்க வந்தார். "கெண்டைக்கால் வலி, பத்தியத்துல படுத்தே கிடக்குறா." ஒரு காலா, இரண்டு காலா என்று கேட்டேன். ஒரு கால், இடது, சூடாகவும் இருக்கிறதாம். ஒற்றைக்கால் வீக்கம், அதுவும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள், அல்லது ஒப்பரேஷன் முடிந்து, அல்லது கர்ப்பத்தடைக் குளிசை குடிக்கும்போது என்றால், ஆழ் நாளத்தில் ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்கக் கூடாது. மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே 1990. அன்று பாம் விற்கவில்லை. மாமியார் என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார், ஆனால் போனது ஆஸ்பத்திரிக்கு.

வார்ஃபரின் குடிக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் அந்த வாரமே கிளினிக் போகச் சொல்லுங்கள். சிசுவுக்கு அது ஆகாது, முக்கியமாகக் கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரம் வரை. பயந்து தானாக நிறுத்துவதும் ஆகாது. டொக்டர் ஊசி மருந்துக்கு மாற்றுவார். பால் கொடுக்கும்போது வார்ஃபரின் குடிக்கலாம். இதை மிட்வைஃபிடமும் சொல்லி வையுங்கள்.

உடனே அனுப்ப வேண்டியவர்கள்

தார் போன்ற கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத மூக்கு ரத்தம், அடிபடாமலே பெரிய நீலத் தழும்பு, வழக்கமில்லாத தலைவலி, முகம் கோணுவது, வாய் குழறுவது, தலையில் அடி. ரத்தக் குளிசை குடிப்பவருக்கு இதில் எது வந்தாலும் கவுண்டரில் வைத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். இரும்புக் குளிசை குடித்தாலும் மலம் கறுக்கும், ஆனால் அதைத் தீர்மானிக்கும் இடம் பாமசி இல்லை.

மிச்சக் குளிசையும் பிழைக் கொப்பியும்

கடையில் ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். தேதி, என்ன பிழை நடந்தது அல்லது நடக்கப் பார்த்தது, எப்படிப் பிடிபட்டது. என் கொப்பியின் முதல் வரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அதில் எழுதியதற்காக யாரையும் ஏசக் கூடாது, ஏசினால் அடுத்த பிழையை யாரும் எழுத மாட்டார்கள். 1 மில்லிகிராமையும் 5 மில்லிகிராமையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தோம் என்பது எங்களுக்கு மூன்றாவது முறை எழுதியபோதுதான் உறைத்தது. இப்போது இரண்டும் வேறு வேறு அலுமாரியில் இருக்கின்றன.

வீட்டில் ஒருவர் தவறிப்போனால், கருமாதி முடிந்து பிள்ளைகள் மிச்சக் குளிசைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். "யாராவது ஏழைபாழைக்குக் கொடுங்க ஐயா." மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது பக்கத்து லயத்துக்குப் போகும். வாங்கியதை விற்கும் அலுமாரிப் பக்கமே கொண்டுபோகாமல், அழிப்பதற்கான பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சில பைகளில் காலாண்டுக் குளிசை அப்படியே, ஒன்று கூடக் குறையாமல் இருக்கும்.